காற்று டேங்கோடு கடலில் இறங்கியவர் மூச்சை அடக்கி மேலே வரக்கூடாது, ஏன்?

[திரை: கடல்மட்டம், 10, 20, 30 மீட்டர் கோடுகள்]

கடல்மட்டத்தில் நம் உடல்மேல் 1 வளிமண்டல அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று கூடும். 30 மீட்டரில் 4.

டேங்க் இல்லாமல் 6 லிட்டர் காற்றை அடக்கி இறங்குபவருக்கு, 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்தால் மறுபடி 6. அதைத் தாண்டாது.

டேங்க் கட்டியவருக்குக் கணக்கே வேறு. ரெகுலேட்டர், அதாவது டேங்க் காற்றை வாய்க்குத் தரும் கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. இல்லாவிட்டால் நெஞ்சை விரித்து மூச்சிழுக்கவே முடியாது. அதனால் 10 மீட்டரிலும் நுரையீரலில் முழு 6 லிட்டர். அதை அடக்கியபடி மேலே வந்தால் 12 லிட்டராகப் பார்க்கும். அவ்வளவு இடம் ஏது? காற்றறைகள் கிழியும்.

[திரை: கடைசி 10 மீட்டர் சிவப்பில்]

30-லிருந்து 20-க்கு வந்தால் காற்று மூன்றில் ஒரு பங்குதான் பெருகும். 10-லிருந்து மேலே வந்தால் இரட்டிப்பு. ஆகவே ஆழம் குறைந்த இடத்தில்தான் ஆபத்து அதிகம். நீச்சல் குளத்தில் ஒன்றரை மீட்டரே போதும். நுரையீரல் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது, முன்கூட்டி எச்சரிக்காது.

காற்று தீர்ந்து பதறுபவர்தான் பெரும்பாலும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பயிற்சியில் "ஆஆ" என்று சத்தமிட்டபடி ஏறச் சொல்வது அதற்காகவே: தொண்டை திறந்திருக்கும், பெருகும் காற்று வெளியேறும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக்கூடாது.

[திரை: நுரையீரல், இதயம், மூளை]

கசிந்த காற்று கழுத்துத் தோலுக்கடியில் ஏறினால் தொட்டதும் நறநறக்கும், குரல் மாறும். நுரையீரலைச் சுற்றித் தேங்கினால் அது சுருங்கி மூச்சுத் திணறும். மோசமானது, ரத்தத்தில் கலந்து இடது இதயம் வழியாக மூளைக்குப் போவது: வலிப்பு, ஒருபக்கச் செயலிழப்பு, நினைவிழப்பு. பெரும்பாலும் மேலே வந்த 10 நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். வந்தவுடன் சரிந்தவரை "வெயில் மயக்கம்" என்று நிழலில் உட்காரவைத்துவிடாதீர்கள்.

மல்லாக்கப் படுக்கவையுங்கள். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்து. 100% ஆக்சிஜன் கொடுங்கள். தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கும் பழைய முறை வேண்டாம், மூளை வீக்கம் கூடும். மறுபடி கடலுக்குள் இறக்கவும் கூடாது. அழுத்த அறை (உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அறை) உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஹெலிகாப்டர் என்றால் 300 மீட்டருக்குக் கீழே பறக்கச் சொல்லுங்கள், கார் என்றால் மலைப்பாதையைத் தவிருங்கள். உயரம் ஏற ஏற, உள்ளே சிக்கிய காற்று இன்னும் பெருகும்.