குளிர்கடலில் திமிங்கிலங்களின் உணவுக்காலம்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

ஐஸ்லாந்தின் வடகரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, ஸ்கியால்ஃபண்டி என்னும் விரிகுடாவை ஒட்டி ஹுசாவிக் என்ற சிறிய மீன்பிடி ஊர் இருக்கிறது. பழைய ஓக் மரப் படகுகளைச் செப்பனிட்டு, திமிங்கிலங்களைக் காட்டுவதற்காக அவற்றில் பயணிகளை ஏற்றிச் செல்லும் வழக்கம் அங்கே 1995இல் தொடங்கியது. இன்று அந்த ஊரின் பெயரே திமிங்கிலங்களோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது.

கோடைக்காலத்திலும் அந்தக் கடலின் காற்று எலும்பைத் தொடும். அதனால் படகில் ஏறியதும் காற்றும் நீரும் புகாத தடித்த முழு உடையை எல்லோருக்கும் தருகிறார்கள். ஆனால் நம்மை வாட்டும் அந்தக் குளிர்தான் திமிங்கிலங்களை அங்கே அழைத்து வருகிறது. குளிர்காலத்தில் மேல்மட்ட நீர் குளிர்ந்து, கனத்துக் கீழிறங்க, புயல்களும் கடலைக் கலக்கிவிட, ஆழத்தில் தேங்கியிருந்த சத்துகள் மேலே வருகின்றன. விரிகுடாவில் கலக்கும் ஆறுகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. வசந்தத்தில் பகல் நீளத் தொடங்கியதும் அந்தச் சத்துகளை உண்டு நுண்ணிய மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு கிரில் என்னும் சிற்றிறால் போன்ற உயிர்களும், பின்னர் கேப்லின் முதலிய சிறு மீன்களும் திரள்கின்றன. அந்தத் திரளைத் தேடித்தான் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வெதுவெதுப்பான தெற்குக் கடல்களிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் நீந்தி வருகின்றன. மிங்கித் திமிங்கிலங்களையும் வெண்மூக்கு ஓங்கில்கள் என்னும் டால்பின்களையும் அங்கே காணலாம். கோடையின் முற்பகுதியில் நீலத் திமிங்கிலமும் வருவதுண்டு.

முதலில் கண்ணில் படுவது உடலன்று, மூச்சு. குளிர்ந்த காற்றில் வெண்புகையாய் எழும் அந்த மூச்சைப் படகின் உச்சியில் நிற்பவர் கண்டதும், படகின் முன்முனையைப் பன்னிரண்டு மணியாகக் கொண்டு, 'இரண்டு மணித் திசை' என்று வழிகாட்டி குரல் கொடுப்பார். மாலுமி வேகத்தைக் குறைப்பார். ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள கூன்முதுகுத் திமிங்கிலம் சிலமுறை மூச்சுவிட்டு, முதுகை வளைத்து, வாலை நீருக்கு மேல் உயர்த்தினால், ஆழத்துக்குப் போகிறது என்று பொருள். அதன்பின் நாம் காத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இயந்திர ஓசை அடங்கிய அந்தக் காத்திருப்புதான் பயணத்தின் சிறந்த பகுதி. எல்லாத் திசைகளையும் அவ்வளவு கவனமாக நாம் வேறெங்கும் பார்ப்பதில்லை.

கூன்முதுகுத் திமிங்கிலம் கோடையில் சேர்க்கும் கொழுப்பைக் கொண்டே குளிர்காலத்தை ஓட்டுகிறது. இனப்பெருக்கம் நடக்கும் வெப்பக் கடல்களில் அதற்கு இரை மிகக் குறைவு. ஈன்ற தாய் தன் கன்றுக்கு ஊட்டும் பாலும் இந்த வடகடலில் உண்ட உணவிலிருந்து வருவதே. ஆகையால் இரைதேடும் திமிங்கிலத்தைப் படகால் விரட்டுவது, பந்தியில் அமர்ந்தவரைப் பாதிச் சோற்றில் எழுப்புவதற்கு ஒப்பாகும். பக்கவாட்டில் மெல்ல நெருங்கி, குறுக்கே மறிக்காமல், சிறிது நேரத்தில் விலகிச் செல்வதே முறை. விரைந்து செல்லும் ரப்பர் படகுகளும் அங்கே உள்ளன. பார்க்கும் வாய்ப்பு சற்றுக் கூடினாலும், அவற்றைவிட மெதுவான மரப் படகையே நான் பரிந்துரைப்பேன்.

வால் உயரும்போது எடுக்கும் படத்துக்கும் பயன் உண்டு. வாலின் அடிப்புறத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம், நம் கைரேகையைப் போல, ஒவ்வொரு கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கும் வேறுபடும். ஹுசாவிக்கில் இயங்கும் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தினர் படகுகளிலிருந்து எடுக்கும் இத்தகைய படங்களை ஒப்பிட்டு, எந்தத் திமிங்கிலம் எந்த ஆண்டு திரும்பி வந்தது என்று குறித்து வைக்கிறார்கள். வட அட்லாண்டிக்கின் பிற பகுதிகளில் சேர்த்த படங்களோடு பொருத்திப் பார்த்தே, ஐஸ்லாந்தில் இரைதேடும் திமிங்கிலங்களுள் சில கரீபியக் கடல் வரை செல்வது உறுதியாயிற்று.

நன்றி, வணக்கம்.