இருபது மோட்டார்ஹோம்களுக்கு ஒரு வார இறுதி

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் வார இறுதிக் கூடல்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி.

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி மோட்டார்ஹோம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து நான்கு எட்டு வைத்தால் சமையலறை வந்துவிடும். இப்படி ஒரு வண்டி இருப்பவருக்கு அறை தேட வேண்டியதில்லை, சாப்பாட்டுக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் வெள்ளிக்கிழமை வேலை முடிந்த களைப்போடு பல மணி நேரம் ஓட்டி வந்து ஒரு மைதானத்தில் வரிசையாக ஏன் நிற்கிறார்கள்? பக்கத்து வண்டிக்காரரோடு உட்கார்ந்து பேசத்தான். ஏற்பாட்டாளர் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். எதற்கு மெனக்கெட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே புரிந்துவிடும்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1963 ஜூலை 20 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்ப்பதற்காக மெய்ன் மாநிலத்தில் ஹிங்க்லி என்ற ஊரில், வண்டியையே வீடாக்கிக்கொண்ட குடும்பங்கள் சில ஒன்றுகூடின. பழைய பேருந்துகளை வாங்கித் தாங்களே வீடாக மாற்றிக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. அந்தச் சந்திப்பில்தான் ஃபேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன் என்ற பெரிய சங்கம் பிறந்தது. முதலில் கூடினார்கள், அப்புறம்தான் சங்கம் வந்தது. எங்களைப் போன்ற சங்கங்களுக்கு இன்றும் உயிர் இந்தக் கூடல்களில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை நிலம்.

உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உள்ளூர் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விலக்குச் சான்றிதழ் பெற்ற சங்கங்கள், தங்கள் உறுப்பினர்களுக்காக ஐந்து நாளுக்கு மிகாத கூடலைத் தனி உரிமம் இல்லாமலே நடத்தலாம். எல்லா நாட்டிலும் இந்த வசதி இருக்காது. மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கு ஈடு தரும் பொறுப்புக் காப்பீடு சங்கத்துக்கு இருக்கிறதா, அது இந்த மாதிரி நிகழ்ச்சிக்குச் செல்லுமா என்பதையும் தேதி அறிவிக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, நிலத்தை நேரில் போய்ப் பார்ப்பது. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். வெயில் காலத்தில் பார்த்தால் எந்தப் புல்வெளியும் கெட்டியாகத்தான் தெரியும். மோட்டார்ஹோம்களில் நிறைய வண்டிகள் முன்சக்கர இயக்கம் கொண்டவை. ஆனால் படுக்கை, தண்ணீர்த் தொட்டி, சாமான் அறை என்று பாரமெல்லாம் பின்பக்கம் சேர்ந்துவிடும். இழுக்க வேண்டிய முன்சக்கரத்தில் அழுத்தம் குறைவு. ஈரப் புல்லில் அது வழுக்கிச் சுழன்று, சுழலச் சுழலக் குழி பறித்துக்கொண்டு இறங்கும். அதனால் சரிவான இடத்தில் வண்டியின் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தச் சொல்வேன். கிளம்பும்போது இறக்கம் கை கொடுக்கும். கயிறும் சக்கரத்துக்கு அடியில் போடும் விரிப்புகளும் கையிருப்பில் இருக்கட்டும். பக்கத்தில் டிராக்டர் வைத்திருக்கும் ஒருவரின் எண்ணையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

நிலம் பார்க்கப் போகும்போது சங்கத்திலேயே பெரிய வண்டியில் போவது நல்லது. பல மோட்டார்ஹோம்கள் 3 மீட்டர் உயரம் இருக்கும். கூரைமேல் ஏசி வைத்தவை இன்னும் உயரம். வழியில் தாழ்வான பாலம் இருக்கிறதா, நுழைவாயிலின் மேல் மரக்கிளை தொங்குகிறதா, திரும்பும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா என்பதெல்லாம் காரில் போனால் கண்ணில் படாது. செல்பேசியில் வரைபடம் காட்டும் குறுக்கு வழி பெரும்பாலும் கார்களுக்கான வழி. ஆகவே, எந்தச் சாலையில் வர வேண்டும், எதில் வரக்கூடாது என்று நீங்களே எழுதி அனுப்புங்கள்.

வண்டிகளை நிறுத்தும் இடைவெளியில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டிக்கும் வண்டிக்கும் 6 மீட்டர் என்பது பிரிட்டன் சங்கங்களின் கூடல்களில் வழக்கமான அளவு. வண்டியின் பக்கவாட்டில் விரித்துக் கட்டும் விரிபந்தல் போட்டாலும் நடுவில் 3 மீட்டர் வெற்றிடம் இருக்க வேண்டும். மோட்டார்ஹோமின் சுவர் மெல்லிய தகடு, மரச்சட்டம், நுரை இவற்றால் ஆனது. தீப்பிடித்தால் சில நிமிடங்களில் முழு வண்டியும் போய்விடும். அந்தச் சில நிமிடங்களில் அடுத்த வண்டியில் தூங்குகிறவரைக் காப்பது இந்த இடைவெளிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.3 மீட்டர் அகலமுள்ள பத்து வண்டிகள், நடுவில் ஒன்பது இடைவெளிகள் என்றால் ஒரு வரிசைக்கே கிட்டத்தட்ட 80 மீட்டர் வேண்டும். இருபது வண்டிகளை இரண்டு வரிசையாக நிறுத்தினால், நடுவே தீயணைப்பு வண்டி நுழையும் அளவு பாதையும் விட வேண்டும். இடம் போதவில்லை என்றால் வரும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மைதானத்தில் ஒரே ஒரு குழாய், நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் தொட்டி நிரம்ப பத்து நிமிடம். இருபது வண்டிக்கு இருநூறு நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல் வரிசை. வெள்ளிக்கிழமை இரவு முழுக்க அதிலேயே போய்விடும். அதனால் தொட்டியை நிரப்பிக்கொண்டு, கழிவுத் தொட்டியைக் காலி செய்துகொண்டு வாருங்கள் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஒரு விஷயம்: 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ எடை. ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டும் வண்டிகளுக்கு 3,500 கிலோதான் நெடுநாளாக எல்லை. சாமான் நிறைய ஏற்றும் குடும்பத்துக்கு இந்த நூறு கிலோ எல்லையைத் தாண்டவைக்கலாம். அவர்கள் இடத்துக்கு அருகில் வந்தபின் நிரப்பிக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள். கழிப்பறைக் கேசட், அதாவது கழிவு சேரும், வெளியே கழற்றி எடுக்கும் பெட்டி, ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும். இருவருக்கு இரண்டு இரவு சமாளிக்கலாம். அதைச் செப்டிக் தொட்டியில் ஊற்ற உரிமையாளர் சம்மதித்தாலும், உள்ளே போடும் ரசாயனம் எது என்று பாருங்கள். ஃபார்மால்டிஹைடு கலந்தது அந்தத் தொட்டியில் மக்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

மின்சாரத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. இரண்டு இரவுக் கூடலுக்கு மின் இணைப்பு வேண்டாம் என்பேன். ஒரு சமுதாயக் கூடத்திலிருந்து கம்பி இழுத்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று தோன்றும். 230 வோல்ட், 60 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தமே 13,800 வாட்தான். காலையில் எழுந்ததும் ஏழு பேர் 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் அந்த வரம்பு தாண்டிவிடும். அப்புறம் யார் போட்டது, யார் அணைப்பது என்ற பேச்சு. இணைப்பே இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எல்லோரும் அதற்கேற்பத் தயாராக வருவார்கள். 100 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் ஈய பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலே 600 வாட்-மணி கிடைக்கும். விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் இரண்டு இரவு அது தாராளம். மருத்துவக் கருவிக்கு மின்சாரம் தேவைப்படுகிறவர் இருந்தால் அவருக்கு மட்டும் கண்டிப்பாக ஏற்பாடு செய்யுங்கள். ஜெனரேட்டர் ஓட்டலாமா, எத்தனை மணி வரை என்பதை அழைப்பிலேயே சொல்லுங்கள். அதன் புகை எந்த வண்டியின் ஜன்னலை நோக்கியும் போகக்கூடாது. கரி அடுப்பை மழைக்காக விரிபந்தலுக்குள் இழுத்துவைக்கிற பழக்கம் உயிரையே வாங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அணைந்த மாதிரித் தெரியும் கரியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். இதை ஒவ்வொரு கூடலிலும் வாய்விட்டுச் சொல்கிறேன்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

ஒருவர் முதன்முறையாகக் கூடலுக்கு வருகிறார் என்று நினைத்துப் பாருங்கள். வண்டி வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். இருட்டத் தொடங்கிவிட்டது. நுழைவாயிலில் யாரும் இல்லை. உள்ளே வட்டமாக நாற்காலி போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அத்தனை பேரும் பழைய நண்பர்கள். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், எல்லோர் கண்ணெதிரேயும் அந்த நீளமான வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்திலேயே அவர் இனி வரமாட்டார் என்பது முடிவாகிவிடும். மறுநாள் நீங்கள் என்ன நிகழ்ச்சி வைத்தாலும் அதை மாற்ற முடியாது.

ஆகவே கடைசி வண்டி வரும்வரை வாசலில் ஒருவர் இருக்க வேண்டும். மாற்றி மாற்றி இருக்கலாம், ஆனால் இடம் காலியாகக்கூடாது. வருகிறவர் பெயர் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். "வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அந்த முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு டார்ச்சோடு முன்னால் நடந்து இடத்தைக் காட்டுங்கள். பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் மட்டுமே கைகாட்ட வேண்டும், அவரும் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். ஐந்து பேர் ஐந்து பக்கத்திலிருந்து கத்தினால் பழகிய ஓட்டுநருக்கே கை நடுங்கும். வண்டி நின்று, அது சாயாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் சமக்கட்டை வைத்து, அவர்கள் மூச்சு விட்டுக்கொள்ள அரை மணி நேரம் கொடுங்கள். உடனே இழுத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்யாதீர்கள்.

புதியவரை வரிசையின் ஓரத்தில் நிறுத்தவே கூடாது. நடுவில் நிறுத்தி, ஒரு பக்கம் நன்றாகப் பேசுகிற குடும்பம் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். தனியாக வருகிறவர்களுக்கும் இதுவே. துணையை இழந்தபிறகும் வண்டியை விற்க மனமில்லாமல் ஓட்டி வருகிற உறுப்பினர்கள் எல்லாச் சங்கத்திலும் உண்டு. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கெட்டியான, சமமான இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் கேட்கத் தயங்குவார்கள்.

நிகழ்ச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சனிக்கிழமைக்கு இரண்டு போதும். காலையில் வண்டிகளைத் திறந்து காட்டுவது, மாலையில் எல்லோரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவது. வண்டி காட்டும் நேரம் நாங்கள் வைக்கும் எதையும்விட நன்றாக நடக்கும். அலமாரிக் கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளாமல் இருக்க ஒருவர் என்ன செய்திருக்கிறார், இன்னொருவர் சூரியத் தகட்டை எப்படிப் பொருத்தியிருக்கிறார் என்று பார்ப்பதில் மூன்று மணி நேரம் போவது தெரியாது. எரிவாயுக் குழாயின் ரப்பர் காலாவதியாகிவிட்டதை அப்படி யாராவது பார்த்துச் சொல்வதும் உண்டு. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், அதனால் தரையில் இருக்கும் காற்றுத் துளைகளை அடைக்கக்கூடாது என்பதையும் அப்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம். மீதி நேரத்தைக் காலியாக விடுங்கள். போட்டி, பரிசு, உரை என்று மணிக்கு மணி நிரப்பினால், எதற்காக வந்தார்களோ அந்தப் பேச்சுக்கு நேரம் இருக்காது. இரவு எத்தனை மணிக்குச் சத்தம் அடங்க வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் அதை நம்பித்தான் வருகிறார்கள்.

அடுத்த கூடலை யார் நடத்துவது என்று சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்திலேயே கேளுங்கள். ஞாயிறு காலையில் எல்லோர் மனமும் சாலையில் இருக்கும், யாரும் கை தூக்க மாட்டார்கள். ஒப்புக்கொள்கிறவரிடம் உங்கள் நில வரைபடம், வழிக்குறிப்பு, டிராக்டர்காரர் எண், வந்தவர்களின் பட்டியல் எல்லாவற்றையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஞாயிறு வண்டிகள் கிளம்பியதும் வரிசை வரிசையாக நடந்து, பந்தல் முளைகளை ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். புல்லில் மறைந்த இரும்பு முளை மாட்டின் காலையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் கெடுக்கும். சக்கரம் பறித்த குழி இருந்தால் மண் போட்டு மூடுங்கள். பிறகு நில உரிமையாளரைக் கூட்டிவந்து, அவரோடு சேர்ந்து இன்னொரு சுற்று நடந்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.