ஒலிக்காத எழுத்துகள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஆங்கில ஆசிரியராக இருந்த காலத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், நைஃப்னுதானே சொல்றோம், முன்னாடி எதுக்கு சார் கே?" அது சைலண்ட், அப்படியே மனப்பாடம் பண்ணு என்று சொல்லி அவனை உட்காரவைத்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று சொல்கிறேன்.

அந்த கே ஒரு காலத்தில் ஒலித்தது. இங்கிலாந்தில் கத்தியை 'க்னீஃப்' என்றே சொன்னார்கள். இரவைக் குறிக்கும் 'நைட்'டின் நடுவில் நிற்கும் ஜி, ஹெச் இரண்டும் சேர்ந்து தொண்டையில் காற்று உரசும் ஓர் ஒலியைக் குறித்தன. ஜெர்மன் மொழியில் இரவைச் சொல்லும்போது அந்த உரசல் இன்றும் காதில் விழும். ஆங்கிலத்தில் ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

ஏன் தங்கியது? 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. முன்பு 'நாம' என்று ஒலித்த சொல் மெல்ல மெல்ல 'நேம்' ஆனது. 'ஹூஸ்' என்பது 'ஹவுஸ்' ஆனது. இந்த மாற்றம் முடிய இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. அதற்குள் அச்சுப் புத்தகங்கள் பழைய எழுத்துகளையே ஊரெங்கும் பழக்கப்படுத்திவிட்டன. 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தபோது பெரும்பாலான சொற்களின் எழுத்துக்கூட்டல் உறுதிப்பட்டிருந்தது. நாமும் 'ஐந்து' என்று எழுதி 'அஞ்சு' என்று சொல்கிறவர்கள்தாம். பேச்சு நடந்துகொண்டே இருக்கும், எழுத்து நின்ற இடத்தில் நிற்கும்.

இதுவரை சொன்னது இயல்பாக நடந்தது. எனக்கு மனம் ஆறாத பகுதி இனிமேல்தான் வருகிறது. கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தது. வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீனில் அதன் மூலச்சொல் 'டெபிடும்' என்பதை நினைவூட்டுவதற்காகப் படித்தவர்கள் பி-யைச் செருகினார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ஒருநாளும் ஒலித்ததில்லை. அதற்காவது ஒரு வேர் உண்டு. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்'டில் உள்ள எஸ்ஸுக்கு அதுவும் இல்லை. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதே பொருளில் 'ஐல்' என்று இன்னொரு சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அது லத்தீன் 'இன்சுலா'விலிருந்து பிறந்தது என்பதால் அதற்கு எஸ் உரியது. இரண்டும் ஒரே குடும்பம் என்று தவறாக எண்ணி, இதற்கும் எஸ் சேர்த்துவிட்டார்கள்.

அந்த எஸ்ஸை விட்டுவிட்டு எழுதிய பிள்ளைகளின் விடைத்தாளில் ஆண்டுக்கணக்கில் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண் குறைத்திருக்கிறேன். தேர்வு விதி அப்படி, இன்றும் அப்படித்தான். ஆனால் வீட்டில் உங்கள் பிள்ளை அந்தச் சொல்லில் தடுக்கினால் திட்டாதீர்கள். அந்த எஸ் எப்படி வந்து சேர்ந்தது என்ற கதையைச் சொல்லுங்கள், பிறகு எழுதச் சொல்லுங்கள். வணக்கம்.