வீட்டு முற்றத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை: குற்றவாளியின் பெயரைப் பகிரங்கப்படுத்தினால் ஊர் பாதுகாப்பாகுமா?

[காட்சி: வீடொன்றின் முன் புல்தரையில் நடப்பட்டிருக்கும் சிறிய பலகை.]

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பட்ஸ் என்றொரு கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, இருக்கிறது. ஒக்டோபர் 31ஆம் திகதி அந்நாட்டுப் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்குவார்கள். 2018ஆம் ஆண்டு அந்த நாளையொட்டி, பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, அரசின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருந்தவர்களின் முற்றங்களில், இந்த வீட்டுக்கு இனிப்புக் கேட்டு வராதீர்கள் என்று எச்சரிக்கும் பலகைகளை அங்குள்ள பொலிஸ் தலைவரான ஷெரிப்பின் ஆட்கள் நட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். ஒருவரின் சொந்த நிலத்தில் அரசு தன் வாசகத்தை வலுக்கட்டாயமாக நிறுத்த முடியாது என்று 2022 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

லூசியானா மாநிலத்தில் இதே எச்சரிக்கை சாரதி அனுமதிப்பத்திரத்திலேயே அச்சிடப்பட்டது. ஒருவர் வங்கியிலோ கடையிலோ அடையாள அட்டையை நீட்டினால், அவருடைய படத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் நிறப் பெரிய எழுத்துகளில் ‘பாலியல் குற்றவாளி’ என்று இருக்கும். 2020இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அதையும் செல்லாதென்றது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சிறுமி ஒருத்தி துன்புறுத்தப்பட்ட செய்தி வரும்போதெல்லாம், குற்றவாளியின் படத்தைச் சந்தியில் ஒட்ட வேண்டும், பெயரை ஊரறியச் செய்ய வேண்டும் என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபத்தில் ஒரு துளியும் பொய்யில்லை. ஆனால் அதைச் செய்தால் நம் பிள்ளைகள் உண்மையில் பாதுகாப்பாவார்களா என்பதைக் கோபத்தோடு சேர்த்துப் பொறுமையாகவும் கேட்க வேண்டியிருக்கிறது.

[காட்சி: பழைய புகைப்படங்கள், அமெரிக்க வரைபடம்.]

குற்றவாளியின் பெயரைப் பதிவேட்டில் பகிரங்கப்படுத்தும் இந்தச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்ப்போம். 1994 ஜூலையில் நியூ ஜேர்சி மாநிலத்தில் மேகன் கன்கா என்ற ஏழு வயதுச் சிறுமி, தெருவின் எதிர்வீட்டில் வசித்த ஒருவனால் கொல்லப்பட்டாள். சிறுவர் மீதான பாலியல் குற்றங்களுக்காக அவன் முன்னரே தண்டனை பெற்றவன் என்பது பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மகளைக் காப்பாற்றியிருப்போம் என்று அவர்கள் சொன்னதை எந்தப் பெற்றோராலும் மறுக்க முடியாது. அந்தத் துயரத்திலிருந்து பிறந்த சட்டம் 1996இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. இன்று அங்கே எவரும் இணையத்தில் ஒரு தெருவின் பெயரைத் தட்டி, பதிவேட்டிலுள்ளவர்களின் படத்தையும் முகவரியையும் பார்க்கலாம்.

இத்தனை ஆண்டுகளில் கிடைத்த பலன் என்ன? மேகனின் சொந்த மாநிலமான நியூ ஜேர்சியிலேயே 2008இல் செய்யப்பட்ட ஆய்வு, அந்தச் சட்டத்தால் மீண்டும் குற்றமிழைப்போரின் எண்ணிக்கை குறைந்ததற்குச் சான்று இல்லை என்று கண்டது. நியூயோர்க் மாநிலத்தில் 21 ஆண்டுகாலக் கைதுகளை ஆராய்ந்தபோது, பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அதற்கு முன் அத்தகைய குற்றத்துக்காகத் தண்டிக்கப்படாதவர்கள் என்று தெரிந்தது. அதாவது எந்தப் பட்டியலிலும் அவர்களின் பெயர் இருந்திருக்காது.

எதிர்த்தரப்பு வாதத்துக்குரிய நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 15 மாநிலங்களின் தரவுகளை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு விடயங்களைப் பிரித்துக் காட்டியது. குற்றவாளியின் விபரம் பொலிஸாரிடம் பதிவாகியிருப்பது, அவருக்கு அறிமுகமானவர்களுக்கு எதிரான குற்றங்களைக் குறைக்கிறது. அதே விபரத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது, இன்னும் பிடிபடாத சிலரைப் பயமுறுத்தித் தடுத்தாலும், ஏற்கெனவே பதிவானவர்களை மறுபடி குற்றத்தின் பக்கம் தள்ளக்கூடும். வேலை கிடையாது, குடியிருக்க வீடு கிடையாது, பேச ஆள் கிடையாது என்ற நிலையில், இனி இழப்பதற்கு எதுவுமில்லாத மனிதனிடம் தண்டனைப் பயம் எதைத் தடுக்கும்? மயாமி நகரில் பதிவேட்டிலிருந்தவர்கள் குடியிருக்கச் சட்டம் அனுமதித்த இடம் கிடைக்காமல், கடற்பாலம் ஒன்றின் அடியில் கூடாரமடித்து ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். அப்படி ஓரிடத்தில் ஒதுங்கியவரைக் கண்காணிப்பது, வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஒருவரைக் கண்காணிப்பதைவிட எளிதா என்று யோசித்துப் பாருங்கள்.

பெயரைத் தவறாக வாசிக்கும் கூட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டு வேல்ஸில் குழந்தை நல வைத்தியர் ஒருவரின் வீட்டு முகப்பில் இழிசொல்லை எழுதிவிட்டார்கள். குழந்தை நல வைத்தியரைக் குறிக்கும் ‘பீடியாட்ரிஷன்’ என்ற சொல்லுக்கும், சிறுவர்மீது பாலியல் நாட்டம் கொண்டவரைக் குறிக்கும் ‘பீடோஃபைல்’ என்ற சொல்லுக்கும் வேறுபாடு தெரியாமல் செய்த வேலை அது. 2006இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓர் இளைஞன் இணையப் பதிவேட்டில் முகவரி தேடிச் சென்று இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர், தமக்கு 19 வயதாக இருந்தபோது, 16 வயது நிறையச் சில நாட்களே இருந்த தம் காதலியோடு உறவுகொண்டதற்காகப் பட்டியலில் இருந்தவர். விரல் நீட்டப்பட்டவனுக்கு என்ன நடக்கும் என்பதைத் முகத்தை மறைத்துக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளின் காலத்தைக் கண்ட நம் மண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

[காட்சி: மதிலில்லாத பெரிய வளவு. நடுவில் கிணறு. அதைச் சுற்றி மூன்று வீடுகள்.]

இப்போது நம் ஊருக்கு வருவோம், ஏனென்றால் எனக்குப் பெரும் கவலை இங்கேதான். மேகனின் தெருவில் அயலவர் அந்நியர். அங்கே தெரியாமைதான் ஆபத்தாக இருந்தது. களுவாஞ்சிக்குடியிலோ திருக்கோவிலிலோ ஏறாவூரிலோ நிலைமை தலைகீழ். கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு எடுக்கும் வழக்கம் இன்றும் இருப்பதால், அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு, நடுவில் அம்மம்மாவின் பழைய வீடு என்று ஒரே வளவுக்குள் ஒரு குடும்பமே வாழ்கிறது. பிள்ளைகளை வளர்க்க அதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று நான் மனமார நம்புகிறேன்.

அந்த வளவில் ஒரு சிறுமியைக் கற்பனை செய்யுங்கள். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள், தகப்பன் கடலுக்குப் போகிறார், பிள்ளை இரவில் சின்னம்மாவின் வீட்டில் படுக்கிறாள். தீங்கு செய்தவர் சின்னம்மாவின் கணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எப்படியோ சொல்லிவிடுகிறாள். அம்மம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, “வெளிய சொல்லிராத புள்ள, நம்மட குடும்ப மானம் போயிரும்” என்கிறாள்.

இந்தக் கற்பனை அரிதான ஒன்றைக் காட்டவில்லை. பொலிஸாருக்கு முறையிடப்பட்ட சம்பவங்களை வைத்து அமெரிக்க நீதித்துறை 2000இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பாதிக்கப்பட்ட சிறுவர்களில் நூற்றுக்கு 34 பேருக்குத் தீங்கிழைத்தவர் குடும்பத்தவர், 59 பேருக்கு அறிமுகமானவர். அந்நியர் வெறும் 7. அந்நியர் மிகுந்த நாட்டிலேயே இப்படியென்றால், சொந்தமும் அயலும் ஒன்றாகிக் கிடக்கும் படுவான்கரைக் கிராமமொன்றில் எப்படி இருக்கும்?

இனி அந்தச் சித்தப்பாவின் படத்தைச் சந்தியில் ஒட்டுங்கள். மறுநாள் காலை பாடசாலை வாசலில் எல்லோருக்கும் அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். அவரின் பெயரைச் சொல்லிவிட்டு அவளின் பெயரை மறைக்க இங்கே வழியே இல்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365 சி பிரிவு, இத்தகைய குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்தக்கூடிய எதையும் பிரசுரிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆத்திரத்தில் முகநூலில் படம் பகிர்பவர்கள், தாம் காக்க நினைக்கும் பிள்ளைக்கு எதிராகவே அந்தக் குற்றத்தைச் செய்துவிடக்கூடும். அத்தோடு அம்மம்மாவின் கணக்கும் மாறுகிறது. முறைப்பாடு செய்தால் மருமகன் சிறைக்குப் போவான் என்பதோடு, மகளும் பேரப்பிள்ளைகளும் காலம் முழுவதும் அந்தப் பலகையின் கீழ் வாழ வேண்டும் என்று தெரிந்தால், அவள் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். ஊர்ப்பெரியவர்கள் பேசித் தீர்த்து விடயத்தை அமர்த்திவிடும் வழக்கத்துக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை.

அப்படியானால் எதுவும் செய்யாமல் இருப்பதா? இல்லை. மூடிய பதிவேடு வேண்டும் என்பதே என் கருத்து. இந்தியா 2018இல் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தை உருவாக்கியபோது, அதைப் பார்க்கும் உரிமையைப் பொலிஸார் போன்ற சட்ட அமுலாக்கத் தரப்புகளோடு நிறுத்திக்கொண்டது. இங்கிலாந்தில், தன் பிள்ளையோடு பழகும் ஒருவரைப் பற்றிச் சந்தேகம் கொண்ட பெற்றோர் பொலிஸில் விண்ணப்பிக்கலாம். ஆபத்து இருக்கிறதென்று பொலிஸார் கருதினால், பிள்ளையைப் பாதுகாக்கும் நிலையிலுள்ளவருக்கு மட்டும் விபரம் சொல்லப்படும், அவர் அதைப் பிறரிடம் பரப்பக்கூடாது. இங்கே தனியார் வகுப்பு நடத்துபவர், பாடசாலை வான் ஓட்டுபவர், விடுதிக் காப்பாளர், விளையாட்டுப் பயிற்றுநர் ஆகியோரை வேலைக்கு எடுக்கும்முன் அத்தகைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினால், சந்தியில் ஒட்டும் நூறு படங்களைவிட அது அதிகம் காக்கும்.

தண்டனை முடிந்து வெளியே வருபவரையும் ஊர் கவனிக்கத்தான் வேண்டும். 1994இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு தேவாலயத்தினர், விடுதலையான ஒருவரைச் சுற்றிச் சில தொண்டர்களை நிறுத்தினார்கள். அவருக்கு வேலை தேட உதவுவதும், அவர் பிள்ளைகளின் பக்கம் போகிறாரா என்று நேருக்கு நேர் கேட்பதும் அவர்களின் பொறுப்பு. பின்னர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இதே முறை பரீட்சிக்கப்பட்டபோது மறுபடி குற்றமிழைத்தல் குறைந்தது. 1989இல் தன் மகனைக் கடத்தலுக்கு இழந்து, அமெரிக்கா முழுவதற்குமான முதல் பதிவேட்டுச் சட்டத்துக்காகப் போராடிய பற்றி வெட்டர்லிங்கும் அதே மினசோட்டாவைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் இந்தச் சட்டங்கள் அளவு கடந்துவிட்டன என்று அந்தத் தாயே பகிரங்கமாகச் சொன்னார்.

[காட்சி: மீண்டும் அதே வளவு. மாலை வெளிச்சம்.]

அந்த அம்மம்மாவிடம் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது, மகள் குவைத்திலிருந்து அனுப்பியது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை அவள் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவிலும் நேரில் சொல்லலாம். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாக முன்வைக்க 1999ஆம் ஆண்டிலிருந்தே நம் சட்டத்தில் இடமுண்டு. அழைத்தது அந்த அம்மம்மாதான் என்று சந்தியில் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.