பிணக்கு தீர்வதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்

பெரியோர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுச் சண்டைகளைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தபோது, சண்டையே இல்லாத வீட்டுக்கு வழி சொல்வேன் என்று உங்களில் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அப்படி ஒரு வீடு இருப்பதாக நான் நம்பவில்லை. வெவ்வேறு வயதும் விருப்பமும் களைப்பும் கொண்டவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழும்போது பிணக்கு வந்தே தீரும். நான் உங்களிடம் கேட்க வந்திருப்பது ஒன்றுதான்: அந்தப் பிணக்கு தீர்வதை உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்களா?

பெரும்பாலான வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கோபச் சொற்கள் கூடத்தில் வெடிக்கின்றன. பிள்ளைகள் அத்தனையையும் கேட்கிறார்கள். சமாதானமோ அவர்கள் உறங்கிய பிறகு, அடைத்த கதவுக்குப் பின்னால் நடக்கிறது. விடிந்ததும் தாயும் தந்தையும் இயல்பாகப் பேசிக்கொள்கிறார்கள். நேற்று இடிந்துவிடும் போலிருந்த வீடு இன்று எப்படி நிற்கிறது என்பது குழந்தைக்கு விளங்குவதில்லை. கோபப்படும் விதத்தை நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட அந்தக் குழந்தைக்கு, கோபத்திலிருந்து திரும்பி வரும் வழியை நாம் காட்டாமலே விட்டுவிடுகிறோம்.

அமெரிக்க உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ் 1980-களிலிருந்து இந்தப் பொருளை ஆராய்ந்தவர். பெரியவர்கள் வாதிடும் காட்சிகளைக் குழந்தைகளுக்குக் காட்டி, அவர்களிடம் எழும் கலக்கத்தை அவரும் அவருடைய குழுவினரும் கவனித்தார்கள். தீராமல் நின்ற சண்டையைப் பார்த்த குழந்தைகளைவிட, தீர்ந்த சண்டையைப் பார்த்த குழந்தைகளிடம் கலக்கம் குறைந்திருந்தது. சமாதானத்தை நேரில் பார்க்காத குழந்தைகளுக்குக்கூட, சண்டை தீர்ந்துவிட்டது என்று பின்னர் விளக்கிச் சொன்னது உதவியது. 1994-இல் கம்மிங்ஸும் அவருடைய சக ஆய்வாளர் பாட்ரிக் டேவிஸும் முன்வைத்த கருத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: நாம் யார் பக்கம் நியாயம் என்று வாதிட்டுக்கொண்டிருக்க, குழந்தையோ இந்தக் குடும்பம் நிலைக்குமா என்ற கேள்வியோடு நம் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

குரலை உயர்த்தாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாள்கணக்கில் பேசாமலிருப்பதைச் சிலர் பண்பான வழி என்று கருதுகிறார்கள். அந்த மௌனமும் குழந்தைகளை வருத்துகிறது என்பதை அதே ஆய்வுகள் காட்டின. ஆனால் சூடு தணியும்வரை விலகியிருப்பது வேறு. நெஞ்சு படபடக்கும்போது யாராலும் மற்றவர் சொல்வதைச் சரியாகக் கேட்க முடியாது. தம்பதியரை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன் அத்தகைய நேரத்தில் குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்கிறார். "இப்போது என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை, சற்று நேரம் கழித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி திரும்பியும் வாருங்கள்.

இனி, பிள்ளைகள் தங்களுக்குள் போடும் சண்டைக்கு வருகிறேன். அக்கா பாடுபட்டுக் கட்டிய காகித வீட்டைத் தம்பி மிதித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அழுகுரல் கேட்டு ஓடிவரும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "யார் ஆரம்பித்தது?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு நாம் நீதிபதி ஆகிவிடுகிறோம். அவர்களோ வழக்கை வெல்வது எப்படி என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். தீர்ப்பில் தோற்ற பிள்ளை அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கிறது. அதற்கு மாறாக, இருவரையும் உட்காரவைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்று மட்டும் விதித்துவிட்டு, "என்ன நடந்தது? அப்போது உனக்கு எப்படி இருந்தது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். தன்னையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும்படி தம்பி பலமுறை கேட்டு ஓய்ந்துபோனான் என்பது அப்போதுதான் தெரியவரும். அக்கா சொன்னதைத் தம்பியும், தம்பி சொன்னதை அக்காவும் தம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். பிறகு, "இனி என்ன செய்யலாம்?" என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அவர்கள் காணும் தீர்வு நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். இருவரும் மனமார ஏற்றால் அது நல்ல தீர்வுதான். ஜூலி ஸ்மித், ஹில்டி ராஸ் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இவ்வகை நடுவர் பயிற்சி அளிக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் ஒருவர் மனத்தை ஒருவர் கூடுதலாக அறிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடியும் அச்சுறுத்தலும் உள்ள இடத்தில் நடப்பதைப் பிணக்கு என்று அழைக்கக் கூடாது. அங்கே நடுவர் பேச்சுக்கு இடமில்லை. அச்சத்தில் இருப்பவரையும் குழந்தையையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதும் வெளியுதவியை நாடுவதுமே முதல் வேலை. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, எல்லா வகை வன்முறையிலிருந்தும் குழந்தையைக் காக்கும் கடமையை அரசுகளின்மீது சுமத்துகிறது.

மற்ற வீடுகளில் நாம் செய்யத் தவறுவது பெரும்பாலும் மன்னிப்புக் கேட்பதைத்தான். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். பெரியவர்களின் சண்டைக்குத் தானே காரணம் என்று எண்ணிக் குமையும் குழந்தைகள் உண்டு என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம். சண்டையின் உள்விவரங்களையெல்லாம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. "நேற்று நான் கத்தியது தவறு. அதற்கு நீ காரணம் இல்லை. நாங்கள் இருவரும் பேசிச் சரிசெய்துகொண்டோம்" என்று சொன்னால் போதும். அதைக் கேட்ட குழந்தை ஒன்றும் பேசாமல் விளையாடப் போய்விடலாம். போகட்டும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அந்தக் குழந்தை ஒரு கேள்வியோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும்போது, கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேளுங்கள்.