யார் சுட்டது என்று கேட்கிறார்கள், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, கொழும்புத் தமிழ் நெஞ்சங்களே, வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். திருநங்கையர், திருநம்பியர், தற்பாலீர்ப்புள்ளோர் என்று பால்புதுமையர் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த கைவேலையைச் சிறுதொழிலாக்கி இலாபம் பார்க்கப் பெரிதும் வேண்டியது கைத்திறனா, ஊரின் ஏற்பா? ஊரின் ஏற்பே என்பது எங்கள் அணி. சொல்வதற்கு நிறைய எழுதி வைத்திருந்தேன். ஆனால் எதிரணித் தம்பி ஒரு வரியைப் போட்டு மண்டபம் அதிரக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். “கேக் ருசியாக இருந்தால் யார் சுட்டது என்று எவனும் கேட்க மாட்டான்!” என்றார். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

தம்பி கேக் என்றுதானே சொன்னார்? கேக்கே சுடுவோம். வெள்ளவத்தையில் ஒரு சின்ன அனெக்ஸ். அதில் ஒரு திருநங்கை லவ் கேக் சுடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறங்கியர் வீட்டுப் பலகாரம்; நத்தார் வந்தால் கொழும்பில் எந்தச் சமயத்தவர் வீட்டிலும் ஒரு துண்டாவது இருக்கும். 250 கிராம் ரவையை இளந்தீயில், நிறம் மாறாமல், வாசம் வரும்வரை வறுக்கிறார். சூடு ஆறுவதற்குள் 250 கிராம் பட்டரில் கொட்டிப் பிசைந்து ஊற விடுகிறார். ஊறாத ரவை வாயில் மணலாக நெருடும். 12 மஞ்சட்கருவோடு 500 கிராம் சீனியைச் சேர்த்து, வெளிறி நுரைக்கும்வரை அடிக்கிறார். கஜுவைக் கையால் கொத்துகிறார். அதை மெஷினில் மாவாக்கினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும், பெரிதாக விட்டால் வெட்டும்போது துண்டு உடையும். தேன், பன்னீர், ஏலம், கறுவா, தேசிக்காய்த் தோல், துருவிய சாதிக்காய் எல்லாம் சேர்ந்த பிறகு, கடைசியில் நாலு முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே அடித்து மெதுவாகக் கலக்கிறார். தட்டுக்கு அடியில் நாலைந்து மடிப்புக் கடதாசி, 150 பாகை செல்சியஸ், ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமை. ஈர்க்குச்சி குத்தினால் சுத்தமாக வரவேண்டும் என்று காத்திருப்பவர் லவ் கேக்கைக் கெடுத்துவிடுவார், ஏனென்றால் அதன் நடு ஈரமாகத்தான் இருக்க வேண்டும். மிஞ்சிய எட்டு வெள்ளைக்கருவையும் அவர் வீசுவதில்லை. அவை மெரிங் ஆகி அடுத்த பெட்டியில் போகும்.

இந்தக் கையில் திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? கணக்கும் தெரிந்தவர்தான். பத்துக்கு எட்டு அங்குலத் தட்டு, இரண்டுக்கு ஒன்று அளவில் வெட்டினால் 40 துண்டு. சாமான் 4,000 ரூபாய், எரிவாயு, பெட்டி, ஓட்டோ 1,600, ஐந்து மணி நேர உழைப்புக்கு மணிக்கு 400 வீதம் 2,000 என்று வைத்தால் மொத்தம் 7,600. துண்டுக்கு 190 ரூபாய் அடக்கம். 180க்கு விற்றால் ஆர்டர் கூடக் கூட நட்டமும் கூடும். விருப்பத்துக்காகத் தொடங்குகிற பலர் விழுகிற குழி இது: தங்கள் உழைப்புக்கு விலை போட மாட்டார்கள். நம்மவர் போட்டுவிட்டார். துண்டு 240 ரூபாய்.

இனித்தான் கேளுங்கள், தம்பி. யாரும் கேட்க மாட்டார்கள் என்றீர்களே!

தன் முழுப்பெயரில் இல்லாமல் வேறு பெயரில் வியாபாரம் செய்தால் அந்தப் பெயரைப் பதிய வேண்டும். 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச்சட்டம் அது. படிவத்தோடு கிராம சேவகரிடம் போகிறார். கிராம சேவகர் அடையாள அட்டையைப் பார்க்கிறார், ஆளைப் பார்க்கிறார், கேட்கிறார். பிரதேச செயலகத்தில் கேட்கிறார்கள். பதிவுத் துண்டோடு வங்கிக்குப் போனால், கணக்குத் திறக்கும் மேசையில் கேட்கிறார்கள். நம் நாட்டு அடையாள அட்டையில் எண்ணே பேசும், சபையோரே! புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில், 1995 பெப்ரவரி முதலாம் திகதி, அதாவது வருடத்தின் 32ஆம் நாள் பிறந்த ஆணின் எண் 1995032 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு அந்த 32ஓடு 500ஐக் கூட்டி 1995532. பெயரை மறைக்கலாம், படத்தைப் புதிதாக எடுக்கலாம், அந்த ஐந்நூறை எங்கே ஒளிப்பது?

வழி இல்லாமல் இல்லை. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டுவந்தது. மனநல மருத்துவரிடம் அதைப் பெற்று, பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, பிறகு அடையாள அட்டைக்குப் போகலாம். அதன் பின்னும் பழைய பெயரில் கிடக்கும் பரீட்சைச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். அந்த ஒவ்வொரு மேசையிலும் ஒரு மனிதர் கேட்கிறார். ஒரு படிக்கட்டுக்கு அரை நாள் என்றாலும், அந்த அரை நாளில் போறணை குளிர்ந்து கிடக்கும்.

அடுத்தது பணம். பெரிய ஆர்டர் ஒன்று, 300 துண்டு. கேக்கை வாங்கியவர் மீதிக் காசைத் தரவில்லை. கேட்டதற்கு, “பொலிசுக்குப் போகட்டுமா?” என்கிறார். கடன்பட்டவர் கடன் கொடுத்தவரைப் பொலிசைக் காட்டி மிரட்டுகிறார், நடுவர் அவர்களே! அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? தற்பாலுறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளிலிருந்து. ஆங்கிலேயர் எழுதியது, 1995இல் திருத்தியபோதும் நீக்கவில்லை, பெண்களையும் உள்ளே சேர்த்தார்கள். அவற்றைத் திருத்தக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தப் பயம் இன்னும் கடை வாசலில் நிற்கிறது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பாதிக் காசை முன்பணமாக வாங்காமல் கஜு வாங்கப் புறக்கோட்டைக்குப் போக மாட்டார்கள்.

இருவர் சேர்ந்து நடத்தும் கடையை எடுங்கள். இரண்டு பெண்கள், ஒரே வீடு, ஒரே தையல் கடை. சட்டம் அவர்களைத் தம்பதி என்று ஏற்கவில்லை. ஒருவர் இறந்தால் பத்து வருடமாக எட்டிப் பார்க்காத உறவினர் வந்து ஓவர்லொக் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம். பங்குடைமையை எழுத்தில் வையுங்கள்; மூலதனம் 1,000 ரூபாயைத் தாண்டினாலே எழுத்து வேண்டும் என்கிறது சட்டம். இறுதி விருப்பாவணமும் எழுதுங்கள்: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். ஐந்து சாட்சிகள், தம்பி! ஒரே இடத்தில் நின்று கையெழுத்துப் போட ஐந்து மனிதர். திறமை ஐந்து சாட்சிகளைக் கொண்டுவருமா? ஊர் ஏற்றுக்கொண்டால்தானே ஐந்து பேர் வருவார்கள்!

நேர மணி கேட்கிறது. இன்னும் ஒன்றே ஒன்று.

அதே லவ் கேக்குக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வீடு. மணப்பெண் வேறு யாருமில்லை, நம் கேக்காரியின் சொந்தத் தங்கை. கேக்கை யாரோ தெரிந்தவர் மூலம் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு அழைப்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம். பெட்டியை அவரே ஓட்டோவில் கொண்டு வருகிறார். குசினிப் பக்கக் கதவில் ஒரு பையன் வாங்கிக்கொள்கிறான். உள்ளே நாதஸ்வரம் கேட்கிறது. அவர் ஓட்டோவைத் திருப்பச் சொல்லவில்லை, கேற்றடியில் நிற்கிறார்.

உள்ளே தட்டு சுற்றி வருகிறது. “நல்லாயிருக்கே, யார் சுட்டது?” என்று மாமி கேட்கிறார், சித்தப்பா கேட்கிறார், மாப்பிள்ளையின் அக்கா கேட்கிறார். தம்பி, எல்லோருமே கேட்கிறார்கள்! கேட்காதவர் அந்த மண்டபத்தில் ஒரேயொருவர். பெண்ணின் அம்மா. ஒரு துண்டை வாயில் வைத்தார், அவ்வளவுதான். சாதிக்காயை அந்த அளவுக்குத் துருவக் கற்றுக்கொடுத்த கை அவருடைய கை. அவருக்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த அம்மா எழுந்து கேற்றடிக்குப் போகட்டும், நடுவர் அவர்களே. தீர்ப்பை அதன் பிறகு சொல்லுங்கள்.