மருந்துக்காகப் பிரிந்த சபை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சர்ச் ஆஃப் பெந்தெகொஸ்ட் என்ற பெந்தெகொஸ்தே சபை ஊருக்குச் செய்த பணியைப் பற்றிப் பேச வந்தவன் புழுவைப் பற்றி ஆரம்பிக்கிறானே என்று நினைக்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில், அந்தச் சபையின் கதை நரம்புச் சிலந்தியில்தான் தொடங்குகிறது.

வயதானவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். படிக்கிணற்றுத் தண்ணீர் குடித்த காலத்தில் நம் ஊர்களிலும் இருந்த நோய். தண்ணீரோடு உள்ளே போகும் புழு, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டி, நூல் மாதிரி வெளியே எட்டிப் பார்க்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அதுவரை வேலைவெட்டிக்குப் போக முடியாது. இந்தியா 2000-இல் இதிலிருந்து விடுபட்டது, கானா 2015-இல்.

சரி, 1921-க்குப் போவோம். ஆங்கிலேயர் ஆண்ட கோல்ட் கோஸ்ட், அதாவது அன்றைய கானா. சுற்றிலும் கோக்கோ தோட்டங்கள், நடுவில் அசமன்கீசே என்ற ஊர். அங்கே பீட்டர் நியூமன் அனிம் என்பவருக்கு இந்த நோய், கூடவே வயிற்றுக் கோளாறு. ஸ்விட்சர்லாந்து மிஷனரிகளின் பாசல் மிஷன் பள்ளியில் படித்தவர். அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து தபாலில் வந்த ஒரு சபைப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். மருந்து வேண்டாம், ஜெபமே போதும் என்பது அந்தச் சபையின் உபதேசம். அனிம் ஜெபித்தார், குணமானதாகச் சாட்சி சொன்னார். அடுத்த வருடமே பிரஸ்பிடேரியன் சபையை விட்டு விலகினார். அவரைச் சுற்றி ஒரு ஜெபக்கூட்டம் சேர்ந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன்: தொடங்கியவர் உள்ளூர்க்காரர். இந்தக் கூட்டத்தை வெள்ளைக்கார மிஷனரி யாரும் வந்து தொடங்கி வைக்கவில்லை.

இவர்களுக்கென்று மிஷனரி வந்தது 1937-இல். அனிமின் கூட்டம் பிரிட்டனின் அப்போஸ்தல சபையோடு சேர்ந்திருந்தது, அவர்கள் அனுப்பிய ஆள் ஜேம்ஸ் மெக்கியோன். டிராம் வண்டி ஓட்டியவர். வந்த சில மாதங்களிலேயே மலேரியா அவரைப் படுக்கையில் தள்ளியது. சபையார் ஜெபித்தார்கள், காய்ச்சல் விடவில்லை. கடைசியில் தலைநகர் அக்ராவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து எடுத்துக்கொண்டார், பிழைத்தார்.

பிழைத்தாரே என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? அங்கேதான் வினை. நம் ஊரிலும் மாத்திரையைத் தொடாத விசுவாசக் குடும்பங்கள் உண்டு, அவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஊர் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு மருந்தை ஒதுக்கியவர்களுக்கு, போதிக்க வந்தவரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் எப்படி இருக்கும்? அவர்களை மூடர்கள் என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மெக்கியோனையும் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் கண்டவனுக்குத்தான் காய்ச்சல் தெரியும்.

பேசிப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. 1939-இல் சபை இரண்டாயிற்று. அனிமோடு நின்றவர்கள் கிறைஸ்ட் அப்போஸ்தலிக் சர்ச் ஆனார்கள். மெக்கியோன் அதற்குள் வினெபா என்ற கடற்கரை ஊருக்குக் குடிபோயிருந்தார். அவர் பக்கம் இருந்தவர்களும் 1953-இல் பிரிட்டன் சபையோடு பிணங்கித் தனியானார்கள், 1962-இல் சர்ச் ஆஃப் பெந்தெகொஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இது பரவியதும் உள்ளூர்க்காரர்களால்தான். பிழைப்புக்காகக் கரையோரம் போன மீனவர்களும் கோக்கோ விவசாயிகளும் போன இடத்திலெல்லாம் ஜெபக்கூட்டம் வைத்தார்கள், அவரவர் மொழியில் பாடினார்கள். பாடல்களைப் பற்றியே அரைமணி நேரம் பேசலாம், ஆனால் நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கிவிட்டார்கள்.

அப்புறம், சபை ஊருக்குச் செய்த பணி. உண்மையில் அதைப் பேசத்தான் கூப்பிட்டிருந்தார்கள்! வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகள், கிளினிக்குகள், ஒரு பல்கலைக்கழகம். அக்ரா பக்கத்தில் மதீனாவில் ஆஸ்பத்திரி. ஆமாம், மருந்துத் தகராறில் பிரிந்த அதே சபைதான் நடத்துகிறது. 2020-இல் கொரோனா வந்தபோது, கோமோவா ஃபெத்தேயில் இருக்கும் தங்கள் மாநாட்டு மையத்தைத் தொற்று வந்தவர்களுக்காக அரசிடம் விட்டுக்கொடுத்தார்கள். எஜூரா என்ற ஊரில் கைதிகளுக்கு ஒரு சிறையே கட்டி ஒப்படைத்திருக்கிறார்கள். சபை எதற்குச் சிறை கட்டியது என்று கேட்பீர்கள். அங்கே சிறைகளில் நெரிசல் அப்படி. மீதியை மறுபடி அழைத்தால் வந்து சொல்கிறேன். வணக்கம்.